வாங்காத காருக்கு ஓர் அறை

எங்கள் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்ற செய்தி முதலில் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது, அப்புறம்தான் எனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பால் வாங்க நின்றபோது கடைக்காரர், "என்னா டீச்சர், வூட்ட இடிக்கிறீங்களாமே" என்று விசாரித்தார். "ஆமாமா, ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தது" என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபது வருஷமாகக் கணக்குப் பாடம் எடுப்பவள் கடை வாசலில் நின்று தெரியாது என்று சொல்ல முடியுமா? பாலை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பியைப் பிடித்தேன். "உங்கிட்டதான்க்கா மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்" என்றான். சொல்லித்தானே ஆக வேண்டும். மனை அப்பாவுடையது, யோசனை தம்பியுடையது, ஆனால் வங்கிக்காரர்கள் நம்புவது அரசாங்கச் சம்பளச் சீட்டை. தம்பி வேலை செய்யும் தனியார் கம்பெனியின் சீட்டைப் பார்த்து அவர்கள் கொட்டாவி விட்டார்களாம். அதனால் கடன் என் பேரில் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இடிக்க வேண்டிய வீடுதான், அதில் எனக்கு வழக்கில்லை. புதுச்சேரியில் உப்பளம் என்கிற பகுதியில் இருபதடி அகலம், நாற்பத்தைந்தடி நீளம். அப்பா மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது மனையை வாங்கி, ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு சுவர் என்று எழுப்பினார். மில்லை மூடினார்கள், வீடும் பாதியில் நின்றது. அப்பாவின் காதைத் தறிச் சத்தம் தின்றுவிட்டது. அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமானால் தெருவுக்கே சொல்ல வேண்டும். பால் கடைக்காரருக்குச் செய்தி போனது அப்படித்தான். மழைக்காலத்தில் எந்த மூலையில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்பது தம்பியின் ஐந்து வயது மகளுக்குக்கூட மனப்பாடம்.

இருந்த இரண்டு அறைகளில் ஒன்றில் அப்பா, அம்மா. இன்னொன்றில் தம்பி, அவன் மனைவி, குழந்தை. எனக்குக் கூடத்தில் மடக்குக் கட்டில். முன்பு எனக்கும் ஓர் அறை இருந்தது. நடுவில் காரைக்காலுக்கு மாற்றல் போட்டு ஐந்து வருஷம் அங்கேயே வைத்திருந்தார்கள். புதுச்சேரி அரசாங்கத்தில் டீச்சர் வேலை பார்த்தால் காரைக்கால் ஒரு முறை வந்தே தீரும். நான் அங்கே போன மறுமாதம் தம்பிக்குக் கல்யாணம், என் அறை அவன் அறை ஆயிற்று. திரும்பி வந்தபோது எல்லாரும் பிரியமாகத்தான் வரவேற்றார்கள். கட்டிலைக்கூடப் புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கே அலுத்துப்போன கதை அது.

ஆக, புது வீடு என்றதும் என் மனசில் வந்தது ஒன்றே ஒன்றுதான். கதவு வைத்த ஓர் அறை. பரீட்சைத் தாள்களைப் பரப்பி வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் அவை பரப்பியபடியே இருக்க வேண்டும். புடவை மாற்ற வேண்டுமென்றால் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளை வாசலுக்கு அனுப்ப வேண்டியிருக்கக் கூடாது. இவ்வளவுதான் ஆசை. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் கடன்பட்டுக் கட்டும் வீட்டில் எனக்கு ஓர் அறை வேண்டுமென்று நானே போய்க் கெஞ்ச வேண்டுமா என்று ஒரு வீம்பு. அவர்களுக்கே தோன்ற வேண்டாமா? தோன்றும் என்று காத்திருந்தேன்.

மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது என்று பேசினோம். ஒப்பிடும் வேலை எனக்கு. "அக்காதான் கணக்குல கில்லாடி" என்றான் தம்பி. வீட்டில் வேலை இருக்கும்போதெல்லாம் எனக்குப் பட்டம் கிடைக்கும்.

முதல் கொட்டேஷன் உழவர்கரைப் பக்கம் ஒரு கம்பெனி. கண்ணாடிக் கதவு, ஏசி, காகிதக் கோப்பையில் காபி. கழுத்தில் டை கட்டிய ஒருவர் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எங்கள் வீடு என்று அவர் சொன்னதால் நம்பினேன். வாசலில் பச்சைப் பசேலென்று புல்வெளி. எங்கள் வாசலைத் தாண்டினால் சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் எதிர்வீட்டுப் படி. புல் எங்கே முளைக்கும் என்று கேட்டேன். "அது வியூவுக்காக மேடம்" என்றார். பொன்னிறத் தலைமுடியோடு ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நடந்து போனாள். அவளும் வியூவுக்காகத்தானாம். அவளைப் பற்றித் தம்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முகப்புக்குப் பேர் பிரெஞ்சு எலிவேஷன். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, வளைந்த ஜன்னல். பிரெஞ்சுக்காரன் ஊரை ஆண்ட வரைக்கும் எங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய் இத்தனை வருஷம் கழித்து எங்கள் வாசலுக்கு வருகிறான், அதுவும் சதுர அடிக்குக் கூடுதல் ரேட்டில். தம்பி மனைவிக்கு அந்த ஜன்னல் ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவளைக் குறை சொல்ல மாட்டேன், நான்கூட இரண்டாவது தடவை பார்த்தேன்.

உள்ளே கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம், கூடம், சமையலறை, அப்பா அம்மாவுக்கு ஓர் அறை. மேலே தம்பிக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, பால்கனி. கூடத்தில் ஒரு சோபா. அதைப் பிடித்து இழுத்தால் கட்டிலாகுமாம். "கெஸ்ட் யாராச்சும் வந்தா படுத்துக்கலாம் மேடம்" என்று என்னிடமே சொன்னார். கடன் கட்டப்போகும் கெஸ்ட் அவர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். காபி நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது, தம்பியின் சினேகிதன். இன்ஜினியர். அவன் கொட்டேஷன் வாட்ஸப்பில் ஒரே வரியில் வந்தது: சதுர அடிக்கு இவ்வளவு, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை. என்ன சிமெண்ட், என்ன கம்பி, தண்ணீர்த் தொட்டி இதில் சேர்த்தியா என்று போனில் கேட்டேன். "நம்ம வூடுக்கா, பாத்துக்கலாம்" என்றான். மழைநீர்க் குழாய்? பாத்துக்கலாம். கரண்டு வேலை? பாத்துக்கலாம். மூன்று பேரில் இவன் ரேட்தான் குறைவு; எதையுமே எழுதாவிட்டால் ரேட் குறையாமல் என்ன செய்யும்? அவன் பிளானில் மாடிப்படிக்கு அடியில் ஜன்னலில்லாத ஒரு பொந்து இருந்தது. "அக்கா புஸ்தகம் மூட்டையெல்லாம் இதுல போட்டுக்கலாம்" என்றான். மூட்டைக்காவது இடம் கிடைத்ததே என்று போனை வைத்தேன்.

மூன்றாவது, ஒரு மேஸ்திரி. கனகசெட்டிக்குளத்துக்காரர், அப்பாவோடு தறி ஓட்டியவரின் தங்கை கணவர். காது மேல் பென்சிலும் கையில் டேப்புமாக வந்து, காலையிலிருந்து மத்தியானம் வரை எங்கள் வீட்டைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். அப்புறம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வேறு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "வூட்ல எத்தினி பேரு? யாரு யாரு எங்க படுக்கறீங்க?"

அம்மா ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"டீச்சரு?"

"அது இங்கதான், ஹால்ல."

மேஸ்திரி மடக்கிச் சுவரில் சாத்தியிருந்த கட்டிலைப் பார்த்தார். தாளில் எதையோ குறித்துக்கொண்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்து அவர் கொட்டேஷன் வந்தது. கோடு போட்ட தாளில் கையால் எழுதிய நாலு பக்கம். செங்கல் எந்தச் சூளை, அஸ்திவாரம் எத்தனை அடி, உப்புக்காற்றுக்கு என்ன பூச்சு, எல்லாம் இருந்தது. எப்போது முடியும் என்ற இடத்தில் மட்டும் "மழைக்கு முன்ன" என்று போட்டிருந்தார். எந்த மழைக்கு என்று போடவில்லை. மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "டீச்சர் ரூம் 10க்கு 9. ஜன்னல் ரெண்டு. உள்தாழ்ப்பாள் வெச்ச கதவு. சேத்து ஒரு பாத்ரூம்."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று மூன்று தடவை படித்தேன். உள்தாழ்ப்பாள் என்ற வார்த்தையை நாலாவது தடவையும் படித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனுஷன் அரை நாளில் பார்த்ததை, கூடப் பிறந்தவன் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லையே என்று உடனே கோபமும் வந்தது.

சிக்கல் என்னவென்றால் அந்தப் பத்துக்கு ஒன்பது வந்து உட்கார்ந்தது கார் நிறுத்தும் இடத்தில்.

தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுமுறை வந்த மேஸ்திரியிடம், "காரு எங்க நிக்கும் மேஸ்திரி?" என்று கேட்டான்.

"காரு இருக்குதா சார்?"

"வாங்கப் போறேன்."

"வாங்குனதும் சொல்லுங்க சார், எதுனா பண்ணிடலாம்."

தம்பி முகம் சுண்டிப்போயிற்று. அவனிடம் இருப்பது ஒரு பைக். ஆனால் மனசுக்குள் ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தது. கலர்கூட முடிவாகிவிட்டது, சாம்பல். அன்று சாயந்திரமே வாசலில் டேப்பைப் பிடித்து, அந்தக் காருக்கு நீளம் இவ்வளவு, கதவைத் திறந்து இறங்க இவ்வளவு என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். சாக்பீஸ் என் பையிலிருந்து எடுத்தது. குழந்தை ஓடிப்போய் அந்தக் கோட்டுக்குள் நின்றபோது, "காரு மேல ஏறாதே" என்று அதட்டினான். இன்னும் வாங்காத காருக்கு வெயில் படக் கூடாது, மழை படக் கூடாது, உப்புக்காற்று ஆகவே ஆகாது. நான் உப்புக்காற்றில் நாற்பத்து நாலு வருஷமாக நிற்கிறேன், எங்கேயும் துருப்பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பான் போல.

நான் சண்டைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெரிய சார்ட் பேப்பர் கொண்டுவந்து, மூன்று கட்டம் போட்டு, ஒப்பிட்டு எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். முப்பத்தெட்டு வரி. சிமெண்ட், கம்பி, மணல், செங்கல், கதவுக்கு மரம், குழாய், பெயிண்ட் எத்தனை கோட்டு, ஆணி எந்த ரகம், ஒன்றும் விடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் கம்பெனிக்காரன் முதலிடத்துக்கு வந்தான். ராத்திரியோடு ராத்திரியாக அஸ்திவாரத்துக்கு மதிப்பெண்ணை இரண்டு மடங்காக்கினேன். முகப்புக்குப் பாதியாகக் குறைத்தேன். உப்புக்காற்றுப் பூச்சுக்குக் கருணை மதிப்பெண். பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கிவிட்டிருக்கிறேன், ஒரு மேஸ்திரியைத் தூக்கிவிட முடியாதா? மேஸ்திரி ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார்.

"பாரு, நான் சொல்லல, கணக்கு சொல்லுது" என்றேன்.

தம்பி சார்ட்டின் முன்னால் நின்று நகத்தைக் கடித்தான். "முப்பத்தொம்பதாவது வரிய விட்டுட்டியேக்கா. கார் பார்க்கிங்." பேனாவை எடுத்து அடியில் அதை எழுதி, மேஸ்திரிக்கு முட்டை போட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் அவன் மனைவி நாற்பதாவது வரியாக மாடுலர் கிச்சன் என்று எழுதி வைத்திருந்தாள். "சும்மா எழுதுனேன் அண்ணி" என்றாள். அப்பா சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டிவி பார்க்கிற மாதிரி சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எதுடா முடிவு?" என்று கேட்பார். நாங்கள் ஆளுக்கொரு பேரைக் கத்துவோம். "ஆவட்டும் ஆவட்டும்" என்பார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. சாப்பிடும்போது தம்பியும் நானும் நேருக்கு நேர் பேசுவது நின்று, சட்னியைக்கூடக் குழந்தை வழியாகக் கேட்க ஆரம்பித்தோம்.

நடுவில் ஒரு நாள் கம்பெனியில் அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா என்று தம்பி அம்மாவிடம் பேசுவது என் காதில் விழுந்தது. "அக்கா எங்கடா படுக்கும்?" என்று அம்மா கேட்டாள். "உன் ரூம்லதான்மா. அப்பா ஹால்ல டிவி பாத்துட்டே தூங்கிடுறாரு, நீயும் அக்காவும் படுத்துக்கலாம்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் போய்ச் சார்ட்டில் கம்பெனிக்காரனுக்கு இன்னும் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் கணக்கு வழக்கெல்லாம் போதும். வெள்ளிக்கெழம கோயில்ல பூ கட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

பூ கட்டிப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதிலிருந்து பித்தப்பை ஆபரேஷன் வரை எல்லாம் இதில்தான் முடிவாகும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறத்தை மனசில் நினைத்துக்கொண்டு, அந்தந்த நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டியதும் ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எது கைக்கு வருகிறதோ அதுதான் அம்மன் வாக்கு, அப்பீல் கிடையாது. நிகழ்தகவு என்று இதைத்தான் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறேன். மூன்றில் ஒன்று. முப்பத்தெட்டு வரி எழுதியவளுக்குக் கடைசியில் மூன்றில் ஒரு வாய்ப்பு.

"எந்தக் கலர் யாருக்குன்னு மொதல்லயே சொல்லிடும்மா" என்றான் தம்பி.

"மனசுல நெனச்சிக்கறதுடா அது. வெளிய சொன்னா பலிக்காது."

"அப்ப பேப்பர்ல எழுதிக் கவர்ல போட்டு ஒட்டிடலாம்" என்றேன்.

"சாமிகிட்ட டெண்டரா உடுவ நீ?" என்று அம்மா என் மேல் பாய்ந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வாழை இலைத் துண்டுகளில் பூவை வைத்து நூல் சுற்றினாள். எழுபதை நெருங்குகிற கை, நூல் நழுவிக்கொண்டே இருந்தது. உதவிக்கு நான் உட்கார்ந்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அம்மா ரகசியமாகச் சொன்னாள். "எனக்கு மூக்குக்கண்ணாடி வெச்ச எடமே மறந்து போவுது. நீ ஞாபகம் வெச்சிக்க. மல்லி மேஸ்திரிக்கு. செவப்பு அரளி அந்தக் கம்பெனிக்கு. சாமந்தி இவன் சினேகிதக்காரனுக்கு. யார்கிட்டயும் சொல்லாத." மல்லி, மேஸ்திரி என்று மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தெருக்கோடி அம்மன் கோயிலில் அந்நேரத்துக்குக் கூட்டமில்லை. அப்பா வீட்டில் இருந்துவிட்டார். பூசாரி மூன்று பொட்டலங்களையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். கற்பூரம் காட்டினார். எனக்குச் சாமி நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், சம்பளத் தேதியில் இல்லை, மற்ற நாட்களில் கொஞ்சம் உண்டு. அன்றைக்கு நிறையவே இருந்தது. அம்மா தாயே, ஒரு உள்தாழ்ப்பாள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத் தேர்வு முடிவுக்குக்கூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

தம்பி மகள் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி நூலைப் பிரித்தார்.

சிவப்பு அரளி.

முடிந்தது கதை, காருக்குத்தான் அறை என்று நினைத்தேன். தம்பியும் அவன் மனைவியும் ஒன்றும் புரியாமல் அம்மா முகத்தையே பார்த்தார்கள். அம்மா அந்தப் பூவைப் பார்த்தாள், அம்மன் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "மேஸ்திரி" என்றாள்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். யார் தப்பாகச் சொன்னாலும் திருத்துவது என் ரத்தத்தில் ஊறிய வியாதி; கல்யாணப் பத்திரிகையில் தேதி தப்பென்றால்கூட வட்டம் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"மேஸ்திரியாம்மா?" என்றான் தம்பி.

"அம்மன் சொல்லிட்டா. உனுக்கு வேற எதுனா பேச்சு இருக்குதா?"

"இல்லம்மா" என்றான். அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, மனைவியையும் குழந்தையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அம்மா மட்டும் சன்னிதியை விட்டு நகராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். வழக்கமாக இரண்டு தட்டு தட்டுவாள். அன்று பூசாரியே திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன். "அம்மா, செவப்பு கம்பெனிக்குதானே? மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்புறம் ஏம்மா?"

அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள். "செவுத்துல எழுதி ஒட்டுனியே, முப்பத்தெட்டு வரி. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்து எழுத்தா வெரல வெச்சிப் படிச்சேன். ஆணிக்கு ஒரு வரி எழுதியிருக்க. பெயிண்டுக்கு ஒரு வரி எழுதியிருக்க. எனுக்கு ஒரு ரூம் வேணும்னு அதுல எங்கடி எழுதியிருக்க?"

சார்ட்டை மனசுக்குள் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன், அந்த வரி இல்லை.

"உன் வாய்க்குப் பள்ளிக்கூடமே நடுங்குதாம். வூட்ல மட்டும் அந்த வாய் எங்க போவுது? அவன் காருக்கு ஒரு வரி எழுதிக்கினான். அந்தப் பொண்ணு அடுப்புக்கு எழுதிக்கிச்சி. நீ கேக்க மாட்ட. பெரிய மானஸ்தி. அதான் நான் போய் சாமி எதுருல பொய் சொல்லிட்டு வரேன், இந்த வயசுல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "என் பக்கத்துல படுத்துக்கலாம்ங்கறான் அவன். நான் போயிட்டா நீ யார் பக்கத்துலடி படுப்ப?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் இரண்டடி பின்னால் போனேன். வெட்கமாக இருந்தது. கம்பெனிக்காரனை, சினேகிதனை, தம்பியை, பொன்னிறத் தலைமுடிக்காரியை எல்லாம் மனசுக்குள் அத்தனை கிண்டல் அடித்திருந்தேன். கேட்க வேண்டிய ஒரு வார்த்தையைக் கேட்கத் துப்பில்லாமல்தான் அத்தனை கிண்டலும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மன் எதிரில் ஒரு பொய்யை அவள் தலையில் ஏற்றிவிட்டு நான் அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்க முடியுமா?

வீட்டில் தம்பி சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தான். அப்பா நாற்காலியில். தம்பி மனைவி காபியோடு வந்தாள்.

"இருடா" என்றேன். "செவப்பு கம்பெனிக்கு நெனச்சது. அம்மா மாத்திச் சொல்லிட்டாங்க. எனக்காக."

அவன் பாதி உரித்த சார்ட்டோடு நின்றான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். அம்மா நிமிரவில்லை.

"சாமி என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் சொல்றேன். எனக்கு ஒரு ரூம் வேணும்."

குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "இன்னாது?" என்றார்.

"எனக்கு ஒரு ரூம் வேணும்ப்பா."

"ஆங்?"

நாற்பத்து நாலு வருஷமாக வராத குரல் அப்போது வந்தது. "எனக்கு ஒரு ரூம் வேணும்! கதவு வெச்ச ரூம்! எனக்கு, எனக்கே எனக்கு!" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் போன மீன்காரம்மா கூடையோடு நின்று உள்ளே பார்த்தாள். குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

அப்பாவுக்கு இப்போது நன்றாகவே கேட்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு ஏம்மா இப்டிக் கத்துற? நீ கேக்கவே இல்லியே. வேணாம் போல இருக்குதுன்னுல்ல நான் இருந்தேன்" என்றார்.

முதலிலேயே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? தெரியாது. கேட்காமல் விட்டதால் இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை.

தம்பி சார்ட்டைச் சுருட்டி மேஜை மேல் வைத்தான். வாசலில் சாக்பீஸ் கோடு போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப சாமிக்கு என்னம்மா பதில் சொல்றது?" என்று கேட்டான்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் அம்மா. "நீ மேஸ்திரிகிட்ட பேசு."

அவன் போனை எடுத்து நம்பரைத் தேடினான். நான் சமையலறைக்குள் போய், அரைக்க வேண்டிய சட்னி எதுவும் இல்லாதபோதும் மிக்ஸியை ஓடவிட்டுவிட்டு அழுதேன்.